குற்றஞ்சாட்டிச் சேர்த்த நன்றிகள்

ஆட்களைக் குற்றஞ்சாட்டுவது என் தொழில். வீடுகளிலே பலர் இலவசமாகச் செய்வதை நான் அரசாங்கச் சம்பளத்துக்குச் செய்கிறேன். டென்மார்க்கில் இந்தப் பதவிக்கு ஸ்டாட்ஸ்அட்வொகாட் என்று பெயர். அரசின் சார்பில் மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிற அலுவலகம் ஒன்றுக்கு இப்போது நான் தலைவி. ஆரம்பத்தில் மற்ற எல்லோரையும் போல, பொலிஸ் கட்டடத்துக்குள் ஒரு சின்ன அறையில் இருந்துதான் தொடங்கினேன். தங்கள் வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாமல் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் தவிக்கும் அன்பர்களே, இது உங்களுக்காக எழுதுகிறேன்.

சூசை மாமாவின் கணக்கு

வேலை கிடைத்த வாரம் பிராண்டே என்ற ஊரின் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை இருந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, அம்மா கட்லட் தட்டோடு ஒவ்வொரு மேசையாகப் போய் "யசிந்தா அப்புக்காத்து ஆயிட்டாள்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அப்புக்காத்து என்பது சட்டத்தரணிக்குப் பழைய பெயர்; எங்கள் சனத்துக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிரச்சினையில் மாட்டினவனை வெளியே எடுத்துவிடுகிற ஆள். அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன் சூசை மாமா உடனே கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தார். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடிப் பிடிபட்ட வழக்கு ஒன்று அவருக்கு இருந்தது.

"மாமா, நான் மற்றப் பக்கம். உங்களுக்குத் தண்டனை குடுக்கச் சொல்லிக் கேக்கிறதுதான் என்ர வேலை" என்றேன். மாமா கட்லட்டைக் கடித்தார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், கவலையோடு கேட்டார்: "இவ்வளவு காலம் இருந்து படிச்சு, பிள்ளை எங்களுக்கு எதிராயோ வந்து நிக்குது?"

பேக்கரி மூலை

அப்போது என்னிடம் கார் இல்லை. நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டிலிருந்து நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்ஸும் இல்லை. தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்துகொண்டிருந்த அப்பா, காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் பொலிஸ் கட்டடத்துக்கு இரண்டு தெரு முன்னால், ஒரு பேக்கரி மூலையில் காரை நிறுத்துவார். மழையோ பனியோ, அதற்கு மேலே வரமாட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. என் சித்தப்பாவை, அப்பாவின் தம்பியை, ஊரிலே சண்டைக் காலத்தில் பொலிஸ் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவரைக் கடைசியாக வாசல் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டவர் அப்பா. இதை எனக்குச் சொன்னது அம்மாதான். அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஒரு மாரிகாலக் காலை, சாப்பாட்டுப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். கொஞ்சநேரத்தில் வரவேற்பிலிருந்து தொலைபேசி வந்தது: உங்கள் அப்பா வந்திருக்கிறார். படியில் இறங்கி ஓடினேன். அப்பா வாங்கில் இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, கையில் கோப்பிக் கோப்பை. பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பொலிஸ்காரர், பழைய மாரிகால ரயரோடு இந்த வீதியில் ஓடக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கார் பேக்கரியில் நிற்கவில்லை. வாசலுக்கே வந்தது. நான் இறங்க முதல், அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "பேர் கேட்டவங்கள். சொன்னனான். யசிந்தாவின்ர அப்பாவோ எண்டு எழும்பிக் கை தந்தவங்கள், பிள்ளை."

யாருடைய கதிரை

முதன்முதலாக வழக்குப் பேசப் போன நீதிமன்றத்தில், உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் உத்தியோகத்தர் அன்போடு என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்தினார். தண்ணீரும் ஊற்றித் தந்தார். அது மொழிபெயர்ப்பாளரின் கதிரை. நான் எழும்பி எதிர்ப்பக்கத்தில் இருந்த அரச தரப்பு மேசைக்குப் போனபோது அவர் முகம் சிவந்துபோயிற்று. அதன்பிறகு அந்த நீதிமன்றத்துக்கு எப்போது போனாலும் என் மேசையில் தண்ணீர் முன்கூட்டியே ஊற்றி வைத்திருக்கும்.

அன்றைய எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், யூலாந்துப் பக்கத்து வயதான விவசாயி ஒருவர். குடித்துவிட்டு உழவு இயந்திரத்தை வீதியில் ஓட்டினார் என்பது வழக்கு. டெனிஷ்காரர் இப்போது ராசாவைத் தவிர எல்லோரையும் 'நீ' என்றுதான் கதைப்பார்கள். எனக்கு என்னவோ, அப்பாவைவிட மூத்த மனுசனைச் சபையிலே நீ என்று கேட்க நாக்கு எழவில்லை. வழக்கொழிந்துபோன அந்த மரியாதைச் சொல்லைப் போட்டு, "நீங்கள் எவ்வளவு குடித்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து இருந்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வெளியே போகும்போது என் மேசையடியில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்னைக் கடைசியாக 'நீங்கள்' என்று சொன்னவர் என் வங்கிக்காரர். அவரும் நல்ல செய்தி சொல்ல வரவில்லை."

ஓம் என்றால்

ஒருநாள் சாட்சிக் கூட்டில் ஒரு தமிழ் அக்கா. எனக்கு அவரை முன்பின் தெரியாது. பொலிஸ் என்று சொல்லித் தொலைபேசியில் கதைத்த ஒருவன், உங்கள் தெருவில் கள்ளர் திரிகிறார்கள், நகைகளை நாங்கள் பாதுகாக்கிறோம் என்று நம்பவைத்து, வீட்டு வாசலுக்கே வந்து தாலிக்கொடியை வாங்கிக்கொண்டு போயிருந்தான். டோஸ்ட்ருப்பிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், நல்ல மனுசன். எதிரித் தரப்புச் சட்டத்தரணி தன் கேள்வியைத் துண்டு துண்டாகக் கேட்டார். நீங்கள்தான் கதவைத் திறந்தீர்கள், நகையை நீங்களே கழற்றினீர்கள், உங்கள் விருப்பத்தோடு அவரிடம் தந்தீர்கள். ஒவ்வொரு துண்டு முடிய அக்கா "ஓம்... ஓம்..." என்றார். மொழிபெயர்ப்பாளரும் ஆம், ஆம் என்று டெனிஷில் சொல்லிக்கொண்டே போனார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு இருக்க முடியவில்லை. எங்கள் சனம் தொலைபேசியில் ஓம் போடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்ற சத்தம். ஆனால் நான் அங்கே மொழிபெயர்க்க வரவில்லை. எழும்பி, "சாட்சியின் மொழி எனக்குத் தெரியும். நான் சொல்வது சாட்சியம் ஆகாது. கேள்வியை முழுதாகக் கேட்டு, முடிந்த பிறகு மட்டும் பதில் சொல்லும்படி சாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் கோபிக்கவில்லை. தானும் அதையேதான் கேட்க இருந்ததாக நீதிபதியிடம் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

கேள்வி திரும்பவும் முழுதாக வந்தது. அக்கா இந்தமுறை முடியும்வரை பொறுத்து, "பொலிஸ் எண்டபடியாத்தானே கழட்டிக் குடுத்தனான்? கள்ளன் எண்டு தெரிஞ்சா ஆரும் தாலியைக் குடுப்பினமே?" என்றார். இடைவேளையில் அந்தச் சட்டத்தரணி தாழ்வாரத்தில் என்னைத் தேடி வந்தார். "அடுத்தமுறை வழக்குத் தொடங்க முதலே சொல்லிவிடுங்கள்," என்றார், "உங்கள் மொழியில் 'இல்லை'க்கு எத்தனை அர்த்தம்?"

கண்ணாடியில் தெரியாத இடம்

மேன்முறையீடுகளைப் பார்க்கிற அலுவலகத்துக்கு நான் மாறிய பிறகு வந்தது இது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டு லொறிச் சாரதி ஒருவர் ஒரு சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது, சைக்கிள் பாதையில் வந்த ஒரு பிள்ளை சில்லில் அகப்பட்டு இறந்துபோனாள். லீனே என்று பெயர், தாதிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவள். "கண்ணாடியைப் பார்த்தேன், ஒருவரும் இருக்கவில்லை" என்பதைத் தவிர வேறு எதையும் சாரதி சொல்லவில்லை. பொலிசுக்கும் அதுதான், நீதிமன்றத்துக்கும் அதுதான். கீழ் நீதிமன்றம் அவரை நம்பவில்லை, குற்றவாளி என்று தீர்த்தது. அவர் மேலே வந்தார். அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்துவது என் பொறுப்பு.

எனக்கு அந்தச் சந்தி மனதில் படமாக வரவில்லை. அதே மாதிரி ஒரு லொறியையும், சோதனை செய்கிற நிபுணரையும், என்னோடு வேலை செய்த ஹெனிங்கையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். விபத்து நடந்த காலத்தில் அங்கே வீதி வேலை நடந்து, ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். முதல் சோதனை செய்தபோது அதை எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது தடுப்பைத் திரும்ப வைத்து, லொறியை அதற்கு ஏற்றபடி சரித்து நிறுத்தினோம். நான் சாரதியின் ஆசனத்தில் ஏறி இருந்தேன். உயரமான மனுசன் ஹெனிங், சிவப்பு மழைச்சட்டையோடு சைக்கிளில் பின்னாலிருந்து வந்தார். ஒரு கண்ணாடியில் தெரிந்தார். பிறகு எந்தக் கண்ணாடியிலும் இல்லை. "எங்கே போனீர்கள்?" என்று யன்னலால் கத்தினேன். "இங்கேதான் நிற்கிறேன், உனக்குக் கையைக் காட்டிக்கொண்டு" என்று குரல் மட்டும் வந்தது. நிபுணர் முறைப்படி அளந்து பார்த்து, சாரதியால் அவளைக் கண்டிருக்க முடியாது என்று எழுதித் தந்தார்.

குற்றவாளி தப்பக்கூடாது என்பதைப் போலவே, குற்றமற்றவர் தண்டனை பெறக்கூடாது என்பதையும் பார்ப்பது எங்கள் கடமை என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. வாசிக்க அழகான வசனம். ஆனால் லீனேயின் தாயின் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அதைச் சொல்வது வேறு. வழக்குக்கு முதல் நான் போய், அந்த ஆளை விடுதலை செய்யும்படி கேட்கப்போகிறேன் என்றேன். அந்தத் தாய், பெயர் காரன் என்று வைத்துக்கொள்வோம், எழும்பி வாசல் கதவைத் திறந்து பிடித்தார். நான் போய்விட்டேன். காருக்குள் இருந்து அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேல் நீதிமன்றத்தில் எழும்பி விடுதலை கேட்டபோது, காரன் முன்வரிசையில் இருந்தார். விடுதலைத் தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் சாரதி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். வெளியே வந்தால், தாழ்வாரத்துக் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் காரன் தனியே நிற்கிறார். நான் விலகிப் போகத்தான் நினைத்தேன். அவர் ஒரு கோப்பையை என் பக்கம் நீட்டினார். "உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் முடியாது," என்றார். "தனியே கோப்பி குடிக்கவும் முடியாது. கொஞ்சநேரம் நில்லுங்கள்."

சத்தியாக்கா

அம்மாவோடு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தவர் சத்தியாக்கா. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அம்மாவுக்கு வேலை உள்ள நாட்களில் எனக்குத் தலை வாரி இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினவர். அவருடைய மகன் தினேஷ் ஒரு கொண்டாட்டத்தில் சண்டை பிடித்து, இன்னொரு பெடியனின் தாடையை உடைத்துவிட்டான். சத்தியாக்கா இடியப்பமும் சொதியுமாக என் வீட்டுக்கு வந்தார். "உன்ர ஆக்கள்தானே வழக்குப் போடுறது. ஒருக்கால் சொல்லிப் பார், பிள்ளை" என்றார். நான் மாட்டேன் என்றேன். சொன்னதோடு நிற்காமல், அடுத்த நாளே மேலதிகாரியிடம் போய், இந்தக் குடும்பம் எனக்கு வேண்டியது, இந்த வழக்கின் பக்கம் நான் வரக்கூடாது என்று பதிந்துவிட்டேன்.

அதற்கான விலையை அம்மாதான் கொடுத்தார். ஒரே இல்லத்தில், ஒரே ஓய்வறையில், இரண்டு பேரும் இரண்டு மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் தன் ஒரு ஆளுக்கு அளவாகக் கொண்டுபோகத் தொடங்கினார். தினேஷுக்குச் சிறை இல்லை. விளையாட்டுத் திடலில் சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும் என்று தீர்ப்பு. புல் வெட்டினான், கோடு கீறினான். தண்டனை முடிந்த பிறகும் அங்கேயே நின்று சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கினான்.

இது நடந்து கனகாலத்துக்குப் பிறகு, டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாண வீட்டில் சத்தியாக்கா என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அண்டைக்கு நீ ஓம் எண்டிருந்தா உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பன். ஆனா அதுக்குப் பிறகு ஒருநாளும் உன்னை நம்பியிருக்கமாட்டன்."

அம்மா எதிர்வரிசையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியாக்கா அவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏன் அங்க தனிய இருக்கிறீர்? இஞ்சால வாரும், சாப்பிடப் போவம்."

வீட்டு வழக்கு

நத்தார்ப் பண்டிகைக்குச் சுட்டு ஒளித்து வைத்த கொக்கிஸ் பலகாரப் பேணி பாதியாகக் குறைந்திருந்தது. மகள் அனாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். என் கேள்வி தமிழில், அவள் பதில் டெனிஷில். எங்கள் வீட்டில் எல்லா விசாரணையும் அப்படித்தான் நடக்கும். மேசையில் தூள் கிடந்தது, அலுமாரிக்குக் கீழே கதிரை இழுபட்டிருந்தது, பள்ளிக்கூடத்தால் முதலில் வந்தவள் அவள். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அனா அழவுமில்லை, மறுக்கவுமில்லை. தன் தகப்பன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். என் கணவர் அந்தோனி அந்த நேரம் பார்த்து, குப்பையைக் கொண்டுபோய்ப் போடப்போகிறேன் என்று எழும்பினார். கலியாணம் கட்டின நாளிலிருந்து சொல்லாமல் குப்பை கொண்டுபோகாத மனுசன். மகள் மிகவும் அமைதியாக, டெனிஷில் கேட்டாள்: "மற்றச் சந்தேகநபர்களையும் விசாரித்தீர்களா, அம்மா?"

தலைவர் கதிரை

எங்கள் அலுவலகத் தலைவர் ஓய்வுபெற்றபோது, அடுத்தது ஹெனிங்தான் என்று எல்லோரும் நினைத்தோம். வயதிலும் மூப்பு, அனுபவத்திலும் மூப்பு. என் எழுத்தில் உள்ள தேவையில்லாத சொற்களை வருடக்கணக்காக வெட்டித் தந்த மனுசன். ஒருநாள் அவர் என் அறைக்கு வந்து, தான் விண்ணப்பிக்கவில்லை, நான் விண்ணப்பிக்கவேண்டும் என்றார். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இந்த நாட்டுக்கு அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினவள், அரசின் பெயரால் பேசுகிற அலுவலகத்தை நடத்துவதா என்று. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு இருந்துகொண்டார். நான் சம்மதிக்கும்வரை போகமாட்டேன் என்ற மாதிரி இருப்பு.

பதவி கிடைத்த அன்று, இந்த ஊர் வழக்கப்படி நான்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுபோனேன். நன்றி சொல்லத் தொடங்கி, ஹெனிங்கின் பெயர் வந்த இடத்தில் வசனத்தை விட்டுவிட்டுக் கேக் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் கேக் துண்டோடு எழும்பி, என்னைக் காப்பாற்றுவதற்காகத் தானே பேசத் தொடங்கினார்: "நான் தலைவராக இருந்தால், யசிந்தா என் பிழைகளைப் பணிவாக, சுற்றிவளைத்துச் சொல்லுவாள். அவள் தலைவியாக இருந்தால், அவள் பிழைகளை நான் நேரே சொல்லுவேன். அலுவலகத்துக்கு இரண்டாவதுதான் நல்லது."

வென்றால் ஒருவரும் நன்றி சொல்லாத, தோற்றால் எதிர்ப்பக்கம் மட்டும் சொல்லுகிற இந்தத் தொழிலில் நான் இவ்வளவு நன்றி சேர்த்து வைத்திருக்கிறேன் என்றால், தோற்கவேண்டிய இடங்களில் ஒழுங்காகத் தோற்றிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.